ஆரோக்கியசெல்வி போட்ட பூட்டு

எங்கள் லேப்பில் வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் நாள் ஒரு மரியாதை உண்டு. முதலாளி ஜீவகன் தன் அறைக்குக் கூப்பிடுவார். தட்டிலிருந்து ஒரு துண்டு கல்கண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைக் காதோடு சொல்வார். "இன்னிலேந்து நீயும் நம்ம வூட்டு ஆளு" என்பார். ரத்தம் எடுப்பவர், ரிப்போர்ட் அடிப்பவர், பெருக்கித் துடைக்க வந்து பிறகு பில் போடக் கற்றுக்கொண்டவர் என்று எல்லோருக்கும் அதே கல்கண்டு, அதே பாஸ்வேர்டு. முதலாளியின் பெயரிலேயே இருந்த ஒரே கணக்கு அது. அதைத் திறந்தால் நோயாளியின் பெயரிலிருந்து ரத்த குரூப் வரை எதையும் பார்க்கலாம், எதையும் மாற்றலாம், மனம் வந்தால் அழிக்கவும் செய்யலாம்.

நான் புகழேந்தி. விழுப்புரம் லேப்பில் ரிசப்ஷன் எனக்கு. வாசலில் வருகிறவர்களின் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், "அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் வரும், சும்மா சும்மா கேக்காதீங்க" என்று சொல்வதும் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். ஆரோக்கியசெல்வியைப் பற்றிச் சொல்ல நீளமான வாய்தான் வேண்டும்.

அவள் வந்த அன்று முதலாளி அறைக் கதவு திறந்தே இருந்தது. கல்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அவர் காதருகே குனிந்தபோது ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"கல்கண்டு போதுங்க ஐயா. பாஸ்வேர்டு வேணாம்."

"அது இல்லாம எப்பிடிம்மா வேலை செய்வ?"

"எனக்குன்னு தனியா ஒண்ணு பண்ணிக்கிறேங்க. உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும்."

முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்த மருமகள் சாப்பாடு வேண்டாம் என்று சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

செல்வி கண்டாச்சிபுரம் பக்கத்துக்காரி. அப்பா சவுரிராயனும் அம்மா சவுரியம்மாளும் கூலி வேலைக்காரர்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலத்தில் ஊரில் இருப்பார்கள், மற்ற நாளில் கரும்பு வெட்ட எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். மகள் விழுப்புரத்தில் காலேஜ் முடித்து, எம்.சி.ஏ. படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பிரிவில் சேர்ந்தாள். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடலாம் என்று அனுமதி கொடுப்பதும் எடுப்பதும்தான் அங்கே அவள் வேலை. "முடியாதுன்னு சொல்றதுக்கு சம்பளம் குடுத்தாங்கண்ணா" என்று சிரிப்பாள். அவள் அப்பா ஆயுள் முழுக்க எவரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்ல எவரும் விட்டதில்லை. மகள் அந்த ஒரு சொல்லையே தொழிலாக்கிக்கொண்டதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கொண்டாட்டம் உண்டு.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்தாள். கணவன் சித்தார்த்தன் அங்கே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். தினமும் காலையில் ரயிலேறி விழுப்புரம் வருவாள். எங்கள் லேப்புக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளையும், வல்லத்திலும் கண்டாச்சிபுரத்திலும் ரத்தம் எடுக்கும் இடங்களும் உண்டு. நாலு இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒரே டேட்டாபேஸில் எழுதும். நோயாளிகள் விவரம் ஒரு டேபிளில், பரிசோதனை முடிவுகள் இன்னொரு டேபிளில், பில் வேறொன்றில் என்று எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளை வேலைக்கு வைத்தார்கள். சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்: ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும், வேலைக்கு ஏற்ற அனுமதி வேண்டும். எவர் காதிலும் ஏறவில்லை. "நமக்குள்ள இன்னாம்மா பூட்டு?" என்று முதலாளி ஒவ்வொரு முறையும் கேட்பார்.

அப்படி இருக்கும்போதுதான் வேணியின் தலையில் இடி விழுந்தது.

வேணி திண்டிவனம் கிளையின் டெக்னீஷியன். அமைதியான பெண். அவள் ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது என்று ஊரே சொல்லும். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அன்புச்செல்வி என்ற கர்ப்பிணி வந்து ரத்த குரூப் பார்த்துக்கொண்டு போனாள். பார்த்தது வேணி. அந்த ரிப்போர்ட்டை அந்தப் பெண் எங்கேயோ தொலைத்துவிட்டாள். பிரசவ நேரம் நெருங்கியபோது இன்னொரு காப்பி கேட்டு வாங்கினார்கள். அதில் ஓ நெகட்டிவ் என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ்.

நல்லவேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ரத்த குரூப்பில் தப்பு என்பது சாம்பாரில் உப்பு தப்பிப்போகிற விஷயம் இல்லை. இன்றைக்கு இவளுக்கு இப்படி மாறியது நாளைக்கு இன்னொருவருக்கு வேறு மாதிரி மாறினால், ரத்தம் ஏற்றும்போது உயிரே போகும். அந்த ஆஸ்பத்திரி டாக்டர் போனில் கத்திய கத்தலை நான்தான் முதலில் கேட்டேன். காது இன்னும் வலிக்கிறது.

மேனேஜர் சீனுவாசன் உடனே முதலாளி அறைக்குள் போனார். செல்வியும் நானும் பின்னாலேயே போனோம்.

"டெஸ்ட் பண்ணவ வேணி. ஏத்துனவ வேணி. இதுல யோசிக்க இன்னா இருக்குங்க? இன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்" என்றார் சீனுவாசன்.

"நான் பாசிட்டிவ்னுதான் ஏத்துனேன்னு அந்தப் பொண்ணு போன்ல அழுவுதே" என்றார் முதலாளி.

"எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்லுவாங்க."

வேணியிடம் காகிதத்தில் எழுதியது எதுவும் இல்லை. காகிதமே இல்லாத லேப் என்று முதலாளி பெருமையடித்து, முடிவுகளை நேரே திரையில் ஏற்றச் சொல்லியிருந்தார். ரத்த குரூப்பில் தப்பு பண்ணியவள் என்று இங்கிருந்து அனுப்பினால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எந்த லேப்பும் அவளைப் படியேற விடாது. இருக்கிற லேப்புகள் எல்லாம் ஒருவரையொருவர் அறிந்தவை. படித்த படிப்பும் கற்ற கையும் அன்றோடு வீண். இது அந்த அறையில் இருந்த நால்வருக்கும் தெரியும்.

செல்வி வாயைத் திறந்தாள். "ஐயா, அந்த ரத்த குரூப்பைக் கடைசியாத் தொட்டது யாருன்னு டேட்டாபேஸ்ல பேரு இருக்குங்க."

சீனுவாசன் நிமிர்ந்தார். "பாத்தீங்களா! யாரும்மா?"

"நம்ம ஐயாதாங்க."

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நானா? நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டே மாசக்கணக்குல ஆவுதே!"

"எனக்குத் தெரியுங்க. அதுக்குத் தெரியாதே. இங்க அத்தினி பேரும் உங்க பேர்லதான் உள்ள போறாங்க. வேணியும் நீங்கதான், புகழேந்தி அண்ணனும் நீங்கதான், மேனேஜர் சாரும் நீங்கதான். தப்பு பண்ணது யாருன்னு கேட்டா அது உங்க பேரைத்தான் சொல்லும். அதை நம்பி ஒருத்தரை வூட்டுக்கு அனுப்பணும்னா, முதல்ல நீங்கதாங்க ஐயா போவணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். தன் நல்ல மனசால் கொடுத்த பாஸ்வேர்டு தன் கழுத்துக்கே வந்து நிற்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

பிறகு செல்வி பக்கம் திரும்பி, "சரி. நீ கேட்டதைப் பண்ணு. அதுவரைக்கும் வேணி வூட்ல இருக்கட்டும். மாசக் கடைசிக்குள்ள உண்மை தெரியலன்னா மேனேஜர் சொல்றதுதான்" என்றார்.

வெளியே வந்ததும் நான் செல்வியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"இனிமே நடக்கப்போறதுக்குத்தான்ணா நான் பூட்டு போட முடியும். நடந்து முடிஞ்சதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பழைய மதிப்பு என்னன்னுகூட அது எழுதி வைக்கல. வேணிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அந்தக் கேள்வியோடுதான் வேலையைத் தொடங்கினாள். முதலில் ஒவ்வொருவரிடமும் வந்து உட்கார்ந்து, நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்று பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். பிறகு வேலைகளைப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரோல் உண்டாக்கினாள். ரத்தம் எடுக்கிறவர்களுக்கு ஒரு ரோல், டெக்னீஷியனுக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று, முடிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் டாக்டர் அனந்தவல்லிக்கு ஒன்று. அனுமதி ரோலுக்குத்தான், ஆளுக்கு இல்லை. புதிதாக ஒருவர் வந்தால் அவரை அந்த ரோலில் சேர்த்தால் போதும், போனால் எடுத்துவிட்டால் போதும்.

"கல்யாண வூட்ல பன்னீர் தெளிக்கிறவரு பன்னீர் தெளிப்பாரு, பந்தி பரிமாறுறவரு பரிமாறுவாரு. பன்னீர் தெளிக்கிறவரை நம்பாமலா அவரை அடுப்பாண்ட வுடல? அது அவரு வேலை இல்ல, அவ்ளோதான்" என்று எனக்கு விளக்கினாள்.

என் பங்குக்குக் கிடைத்தது பெயரும் வயதும் போன் நம்பரும். மற்றதை எல்லாம் பார்க்கலாம், தொட முடியாது. எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் தொட்டவன் நான். ரத்தம் எடுக்கும் பையன்கள் முணுமுணுத்தார்கள். சீனுவாசன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவரவர் பாஸ்வேர்டை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும், கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லக்கூடாது என்றபோது, "வர வர ரொம்ப பேஜாராப் போச்சு" என்று லேப்பே அலுத்துக்கொண்டது. டாக்டர் அனந்தவல்லி மட்டும், "என் கையெழுத்தை இத்தினி நாள் யார் யாரோ போட்டுக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுச் செல்வி பக்கம் நின்றார்.

பெரிய சண்டை முதலாளியோடுதான். அவருக்கும் ஒரு ரோல் என்றதும் துள்ளினார்.

"என் லேப்புக்கு எனக்கே பூட்டா?"

"நீங்க எல்லாத்தையும் பாக்கலாங்க ஐயா. முடிவை மட்டும் மாத்த முடியாது. நீங்க டெஸ்ட் பண்றதில்லியே."

"அப்ப உனக்கு? நீ மட்டும் மகாராணியா?"

செல்வி தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். தன் கணக்கில் உள்ளே போய், ஒரு சர்க்கரை முடிவை மாற்ற அவர் கண்ணெதிரே முயன்றாள். அனுமதி இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"எனக்கும் கிடையாதுங்க. எல்லாத்தையும் தொறக்கிற பெரிய கணக்கு ஒண்ணு இருக்கு. அதோட பாஸ்வேர்டுல பாதி உங்ககிட்ட, பாதி டாக்டரம்மாகிட்ட. நீங்க ரெண்டு பேரும் வந்து உக்காந்தாத்தான் நானே தொறக்க முடியும்."

முதலாளி அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டின் கொத்துச் சாவியைத் தானே கழற்றித் தருகிற ஆளை அவர் வியாபாரத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. "போடும்மா பூட்டை" என்றார். அவ்வளவுதான், புதன்கிழமை காலை பழைய கணக்கைச் செல்வி மூடினாள்.

ஆனால் வேணி இன்னும் வீட்டில்தான் இருந்தாள். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கி, செல்வி அவள் வீட்டு வழியாகத்தான் போவாள். "ஏதாவது தெரிஞ்சுதாக்கா?" என்று வேணி கேட்பாளாம். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் புண்ணாகிவிட்டது என்று என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாசம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம். சாப்பாட்டு நேரம். முதலாளி, டாக்டரம்மா, செல்வி, நான் எல்லோரும் உள்ளறையில் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தோம். கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு சீனுவாசன் வந்தார். முகம் பழுத்த மிளகாயாக இருந்தது.

"இன்னாங்க இது அநியாயம்? மேனேஜர்னு பேரு, ஒரு வேலை செய்ய வுட மாட்டேங்குது! அனுமதி இல்ல, அனுமதி இல்லன்னு மூஞ்சில அடிக்குது!"

"எந்த வேலைங்க சார்?" என்று செல்வி கேட்டாள்.

"வாராவாரம் சனிக்கிழமை செய்யற வேலைதான்! இந்த ரிசப்ஷன்ல ஒரே ஆளை ரெண்டு வாட்டி ஏத்தி வச்சுடறாங்க. அதே பேரு, அதே ஊரு, அதே போன் நம்பரு. அதையெல்லாம் தேடிப் புடிச்சு ஒண்ணாச் சேத்து சுத்தம் பண்றது யாரு? நான்தான்! எத்தினி வருசமாப் பண்ணிக்கினு இருக்கேன், யாராச்சும் ஒரு வார்த்தை பாராட்டி இருக்கீங்களா?"

நான் என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து வாயைத் திறக்கப் போனேன். செல்வி கையை உயர்த்தி என்னை அடக்கினாள். அவள் கையில் இருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றது.

"ரெண்டு பேரை ஒண்ணாச் சேத்தா, ரத்த குரூப் எதுலேந்து வரும் சார்?"

"பழைய பதிவுல இருக்கிறது அப்பிடியே புதுசு மேல வந்துடும். ஒரே ஆளு தானம்மா, குரூப்பா மாறப்போவுது?"

"வயசு வேற வேறயா இருந்தா?"

"நம்ம ஜனம் என்னிக்கு வயசைச் சரியாச் சொல்லி இருக்குது? ஒருநாள் இருபத்தி நாலுன்னும், இன்னொரு நாள் இருபத்தி ஏழுன்னும் சொல்லும். அதையெல்லாம் பாத்தா ஆவுமா?"

செல்வி கையைக் கழுவக்கூட இல்லை. இடது கையால் போனை எடுத்தாள். அந்த அன்புச்செல்வி வீட்டு நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் இப்படித்தான். மகன்கள், மருமகள்கள், மாமனார் என்று அத்தனை பேருக்கும் எங்கே போனாலும் கொடுக்க ஒரே நம்பர், அது பெரியவர் சட்டைப் பையில் இருக்கும். அந்தப் பெரியவர்தான் எடுத்தார்.

"ஐயா, லேப்லேந்து பேசறோம். அன்புச்செல்வி இருக்காங்களா?"

"எந்த அன்புச்செல்வி? பெரியவளா, சின்னவளா?"

சாப்பாட்டை விட்டுவிட்டு எல்லோரும் போன் பக்கம் குனிந்தோம்.

"ரெண்டு பேரு இருக்காங்களாய்யா?"

"ஆமா. எனக்கு ரெண்டு புள்ளைங்க. ரெண்டு பேருக்கும் வாச்சவ பேரு அன்புச்செல்விதான். ஊரே சிரிக்குது. பெரியவளுக்கு ரெண்டு வருசம் முன்னாடி உங்களாண்டதான் ரத்தம் பாத்தோம். நெகட்டிவுன்னாங்க, அதுக்குன்னே பிரசவத்தப்ப தனியா ஊசிகூடப் போட்டாங்களே. இப்ப ஆஸ்பத்திரில இருக்கிறது சின்னவ. நேத்துதான் பொண்ணு பொறந்துச்சு."

"ரொம்ப சந்தோசங்கய்யா" என்று சொல்லிச் செல்வி போனை வைத்தாள்.

சீனுவாசன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை. மனுஷன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று நகையையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியவர் அவர். வேணி ஏற்றிய பாசிட்டிவ் மேல் மூத்தவளின் நெகட்டிவ் ஏறி உட்கார்ந்துவிட்டது. பூட்டு இல்லாத வரைக்கும் அவரே அதை அறியவில்லை. கதவு திறக்காதபோதுதான், இதைத் திறந்துகொண்டிருந்தவன் நான் என்று உரக்கக் கத்தினார்.

நான் மேஜையை ஓங்கித் தட்டினேன். ரசம் தளும்பி டாக்டரம்மா புடவையில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, கைதட்டிக்கொண்டிருந்தார். முதலாளி டிபன் பாக்ஸை நகர்த்தி வைத்தார். எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். கூலிக்காரர் சவுரிராயன் மகளைப் பார்த்து, அத்தனை பேர் எதிரில். என் வாழ்நாளில் நான் பார்த்த பெரிய வெற்றி அதுதான். அன்று சாயங்காலமே டாக்டரம்மாவும் முதலாளியும் பாஸ்வேர்டில் ஆளுக்குப் பாதியை அடித்துப் பெரிய கணக்கைத் திறந்துவிட்டார்கள். செல்வி அவர்கள் எதிரிலேயே சேர்த்த பதிவுகளை எல்லாம் தேடி எடுத்தாள். ஐயம் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, காசு வாங்காமல் மறுபடி ரத்தம் பார்த்தோம்.

திங்கட்கிழமை காலை சீனுவாசன், "நானே போய்ச் சொல்றேன்" என்று திண்டிவனத்துக்குக் கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். கிளையில் வேணி வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் செல்வி, அவளுக்கான புதுக் கணக்கைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணிம்மா, தப்பு என்னுதுதான். உன்னைப் போய்ச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கம்மா" என்றார் சீனுவாசன். அறுபதை நெருங்கும் மனுஷன், கண் கலங்கியிருந்தது.

வேணி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவள் பார்த்து முடித்த முதல் ரிப்போர்ட் அப்போதுதான் பிரிண்டரிலிருந்து வந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினாள். இத்தனை வருஷமாக எங்கள் ரிப்போர்ட்டின் அடியில், பரிசோதித்தவர் என்ற இடத்தில், எந்தக் கிளையாக இருந்தாலும் ஜீவகன் என்றுதான் அச்சாகும். இதில், பரிசோதித்தவர்: வேணி, என்று இருந்தது.

"இனிமே தப்பு நடந்தா ஆளைத் தேடி அலைய வேணாம் சார். கீழ என் பேரு இருக்கும்" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி, "சரியா இருந்தாலும் என் பேருதான் சார் இருக்கும்" என்றாள்.

வெளியே பெஞ்சில் கர்ப்பிணிகள் நாலு பேர் காத்திருந்தார்கள். வேணி கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.